ஊதல் ஐயாவின் நிழல் பெட்டி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே அந்த மெத்தைக் கிடங்கின் வாசலில் வரிசை பிடித்துவிடுவார்கள். மெத்தை வாங்குவதற்கில்லை. மெத்தைக் கம்பெனிக்காரர் பூட்டிவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது. இப்போது அங்கே கிடைப்பது ஊதல்.

ஆமாம், ஊதல்தான். வெறும் காற்று. நீங்களும் நானும் பிறந்த நாளிலிருந்து இலவசமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கிறோமே, அதே சரக்கு. நாம் விட்டால் அது மூச்சு. ஊதல் ஐயா விட்டால் அது வைத்தியம். அதற்கு டோக்கன் உண்டு, தள்ளுமுள்ளு உண்டு, "நான் நேத்தே வந்து பையை வெச்சுட்டுப் போனேன்" என்கிற சண்டை உண்டு. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு நிற்கும் அம்மாக்கள். லீவு போட்டுவிட்டு வந்த அப்பாக்கள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சேர்த்து டோக்கன் கேட்ட ஒரு முன்யோசனைக்காரரை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஐயாவின் சிறப்பு, பிள்ளைகளின் எலும்பு. அவருடைய தத்துவம் சுருக்கமானது. ஒரு பிள்ளைக்கு உடம்பில் எந்த எலும்பு உடைந்திருந்தாலும், அதன் விரிசல் உள்ளங்கையில் தெரியும். இனிமேல் உடையப் போவதாக இருந்தாலும் தெரியும். அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். அதில்தான் ஐயாவின் மூளை இருக்கிறது. உடைந்த பிள்ளைகள் ஊரில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? இனிமேல் உடையப் போகிற பிள்ளைகள் என்றால் மொத்த ஊரும் வரிசையில் நிற்க வேண்டியதுதானே!

வழிமுறை மூன்று சனிக்கிழமைகள். முதல் சனிக்கிழமை, பிள்ளையின் இடது கையை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஐயா அதை மேடை விளக்கின் முன்னால் தூக்கிப் பிடிப்பார். வெள்ளிக் குச்சியால் ஒரு விரலின் அடியைத் தொட்டுக் காட்டுவார். அங்கே கறுப்பாக ஒரு கோடு. பக்கத்து விரலில் இன்னொரு கோடு. மணிக்கட்டில் ஒன்று. "பார்த்தாயா தாயே, விரிசல்!" என்பார். தாய் பார்ப்பாள். கோடு இருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகு என்ன பேச்சு? அங்கேயே உட்கார்ந்து அழுவாள். எக்ஸ்ரே படம் ஒரு மரப்பெட்டிக்குள் போகும். அதற்குப் பெயர் நிழல் பெட்டி.

இரண்டாம் சனிக்கிழமை, ஒரு செம்புக் குழாயைப் பிள்ளையின் கைமேல் வைத்து மூன்று முறை ஊதுவார். மூன்றாம் சனிக்கிழமை பெட்டியைத் திறப்பார். அதே படம் வெளியே வரும். ஒரு கோடு கூட இருக்காது! வழவழவென்று முழு எலும்பு. கூட்டம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தும். படம் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார். வெளியே கொண்டு போனால் விரிசல் திரும்பி வந்துவிடுமாம். கட்டணம் கிடையாது, அன்பளிப்பு மட்டும். அன்பளிப்பு கொண்டு வராதவர்களுக்கும் வரிசையில் இடம் உண்டு, கடைசியில்.

இதையெல்லாம் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். நான் எக்ஸ்ரேகாரன். குழந்தைகள் மருத்துவமனையில் அந்த இருட்டறை என்னுடையது. பதினாறு வருடமாகத் தினமும் நாற்பது ஐம்பது பிள்ளைகளின் எலும்பைப் பார்த்து வருகிறேன். அந்தக் கறுப்புக் கோடு விரிசல் இல்லை. அதுதான் எலும்பு வளர்கிற இடம். வளர்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இருக்கும். இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வளர்ந்து முடிந்த பிறகு கோடு தானாக மூடிக்கொள்ளும். இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். கேட்டார்களா? என் வீட்டிலேயே கேட்கவில்லை.

என் மனைவி என் ஐந்து வயது மகனை வெளியே ஏதோ ஒரு கடையில் எக்ஸ்ரே எடுத்து ஐயாவிடம் கொண்டு போயிருக்கிறாள். எக்ஸ்ரேகாரன் வீட்டுப் பிள்ளைக்கு வெளியே எக்ஸ்ரே! இந்த அவமானம் எந்த எக்ஸ்ரேகாரனுக்கும் வரக் கூடாது.

"உனக்கு என்ன பைத்தியமா? நான் தினமும் இதைத்தானே பார்க்கிறேன்?" என்று கத்தினேன்.

"நீங்க படம் எடுக்கறவர். அவர் படத்தைப் பார்க்கறவர். ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் மருத்துவமனையில் உண்மையாகவே படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. பிள்ளைகளின் எலும்புக்கென்றே படித்த அறுவை சிகிச்சை நிபுணரான ஒரு டாக்டரம்மா. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பொம்மை டாக்டர். எந்தப் பிள்ளைக்கு மாவுக்கட்டு போட்டாலும், முதலில் அந்தப் பிள்ளையின் பொம்மைக்கு அதே இடத்தில் கட்டு போடுவார். பொம்மை கொண்டு வராத பிள்ளைக்கு என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து எனக்குப் போடுவார். ஒரே நாளில் மூன்று கட்டோடு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

டாக்டராக ஐந்தரை வருடம், எலும்பு டாக்டராக இன்னும் மூன்று வருடம், அதற்கும் மேலே பிள்ளைகள் எலும்புக்காக இரண்டு வருடம் என்று படித்து வந்தவர். "பெரிய எலும்பு கிடைக்கலன்னு சின்ன எலும்புக்கு வந்துட்டியா?" என்று அவருடைய பெரியப்பா கேட்டாராம். டாக்டரம்மாவே சொல்லிச் சிரிப்பார். அந்த வேலையில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிள்ளைகளின் எலும்பு ரொம்ப நல்ல எலும்பு. லேசாக வளைந்தாலும் கீறினாலும், ஆடாமல் வைத்திருந்தால் மூன்று வாரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். அதனால் பாதிப் பேரிடம் டாக்டரம்மா, "ஒண்ணும் செய்ய வேண்டாம், மூணு வாரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருடப் படிப்பு.

ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிற டாக்டரை யாருக்குப் பிடிக்கும்? அதே மூன்று வாரத்துக்குள் ஐயா குழாயை வைத்து ஊதினார். எலும்பு தன்பாட்டுக்கு ஒட்டியது. பெயர் ஊதலுக்குப் போனது. ஆறே மாதத்தில் எங்கள் வார்டு பெஞ்சுகள் காலியாகிவிட்டன. எங்கள் கண்காணிப்பாளரே தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் நின்றதாகக் கேள்வி. தூசி அலர்ஜி என்று சமாளித்தாராம்.

இது வரைக்கும் எனக்கு எரிச்சல்தான். பயம் வந்தது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

சைக்கிள் மெக்கானிக் ஒருவர் தன் ஏழு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பூங்காவில் ஏணிக்கம்பியில் தொங்கி விளையாடியபோது விழுந்திருக்கிறாள். வலது முழங்கை திரும்பி நின்றது. நான் படம் எடுத்தேன். முழங்கைக்கு மேலே எலும்பு முழுதாக உடைந்து, ஒரு துண்டு முன்பக்கம் தள்ளி நின்றது. டாக்டரம்மா அவள் விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த நகம் சிவக்க நேரம் எடுத்தது. மணிக்கட்டில் நாடி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

"எலும்பு ரத்தக்குழாயை அழுத்துது. ஆபரேஷன் பண்ணி ரெண்டு மெல்லிசு கம்பி வெச்சு நிறுத்தணும். இப்பவே பண்ணணும். மத்தியானத்துக்கு மேல போனா கை செத்துப் போயிடலாம்" என்றார்.

மெக்கானிக் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவையும் வாங்கினார். அப்போதுதான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். பிள்ளையின் அத்தை. வந்த வேகத்தில் பேனாவைப் பிடுங்கினார்.

"பச்சைப் பிள்ளை எலும்புல கத்தி படலாமாடா? கத்தி பட்ட எலும்பு ஜென்மத்துக்கும் ஒட்டாதுன்னு ஐயா சொல்லியிருக்காரே! உனக்கு அறிவில்லை?"

நாங்கள் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்துவிட்டு வந்து பார்த்தால் கட்டில் காலி. தலையணையில் பிள்ளையின் தலை பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது.

டாக்டரம்மா தியேட்டருக்குப் போட்டிருந்த நீலப் பைஜாமாவோடு, தலையில் குல்லாயோடு கிளம்பினார். என்னையும் பிடித்து வண்டியில் ஏற்றினார். பத்து நிமிடத்தில் மெத்தைக் கிடங்கில் இருந்தோம்.

உள்ளே நல்ல நாளாகப் பார்த்துத்தான் போயிருந்தோம். மூன்றாம் சனிக்கிழமைக்காரர்களுக்குப் பெட்டி திறக்கிற நேரம். முன்வரிசையில் மெக்கானிக் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐயாவின் ஆட்கள் அவள் கையைத் தோளிலிருந்து விரல் வரைக்கும் துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். துணிக்கு வெளியே விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. அவை மெழுகு நிறத்தில் இருந்தன. பிள்ளை அழக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டரம்மா குனிந்து துணியைத் தொடப் போனார். அத்தை குறுக்கே விழுந்தார்.

"தொடாதீங்க! ஐயா வந்து ஊதற வரைக்கும் யாரும் தொடக் கூடாது!"

மெக்கானிக்கின் கண் கலங்கியிருந்தது. "டாக்டர், நான் அதிகம் படிக்கல. நீங்க சொல்றதும் எனக்கு முழுசாப் புரியல, அவர் சொல்றதும் புரியல. ஆனா விரிசல் மறையறதை இதோ கண்ணால பார்த்துட்டு இருக்கேன். அது பொய்னு காட்டுங்க. இந்த நிமிஷமே பிள்ளையைத் தூக்கிட்டு உங்க பின்னாடி வரேன்."

நியாயமான மனிதர். அந்தக் கிடங்கில் அன்றைக்கு ஆதாரம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

மேடையில் ஐயா அடுத்த படத்தை வெளியே எடுத்தார். பக்கத்தில் பயபக்தியோடு நிற்பது யார் என்று பார்த்தால், என் மனைவி! அவள் கையைப் பிடித்துக்கொண்டு என் மகன்! என்னைப் பார்த்ததும் அவள் முறைத்த முறைப்பில், நான்தான் தப்புச் செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

"முதல் சனிக்கிழமை இந்தக் கையில் எத்தனை விரிசல்?" என்று ஐயா முழங்கினார்.

"பதினெட்டு!" என்றது கூட்டம்.

"இப்போது எங்கே?"

"போச்சு! போச்சு! போச்சு!"

படத்தின் ஒரு மூலையில் அரக்கு முத்திரை குத்தி, யாருடைய படம் என்று காட்டும் எண்ணை மறைத்திருந்தார்கள். சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பில் ஒரு சின்ன வெள்ளைக் குச்சி தெரிந்தது. ஐயா அதை வெள்ளிக் குச்சியால் தொட்டார். "இது என்ன? என் மூச்சு! உள்ளே போய், இறுகி, முளையாக நின்று எலும்பைத் தாங்குகிறது!" பின்வரிசையில் ஒருவர் கன்னத்தில் நீர் வழியக் கும்பிட்டார்.

டாக்டரம்மா என் காதில் சொன்னார்: "கோடே இல்லை. அது வளர்ந்து முடிஞ்ச ஆளோட கை."

"சொல்லுங்க மேடம், சத்தமா சொல்லுங்க!"

"சொன்னா யார் நம்புவாங்க? வளர்ச்சிக் கோடு பத்திப் பாடம் எடுக்க நேரம் இல்லை. பாமரனுக்கும் தெரியற மாதிரி ஏதாவது வேணும்." ஒரு நொடி யோசித்தார். "ஆமா, எக்ஸ்ரே படம் என்ன அளவு இருக்கும்?"

"கையை மேல வெச்சு எடுக்கற நிழல்தானே மேடம்? கை என்ன அளவோ அதே அளவு."

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பவ்யமாக எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு சின்ன ஆசை. குணமான கையைக் குழந்தை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டுமே?"

ஐயா திடுக்கிட்டார். "கூடாது! தொடவே கூடாது! வெளிச்சம் பட்டால்..."

"விளக்கு முன்னாடிதானே ஐயா பிடிச்சிருக்கீங்க?"

எங்கோ ஒரு சிரிப்பு கேட்டது. ஐயா அந்தத் திசையைப் பார்த்து முறைத்தார். ஆனால் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. என் மகனிடம் தொடாதே என்று எதைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் தொடுவான். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் மீன் தொட்டிக்கும் அது தெரியும். "தொடவே கூடாது" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மாவின் கையை உதறினான், தாவினான், பளீர் என்று தன் இடது கையைப் படத்தின்மேல் வைத்தான்.

அவன் கை படத்தின் உள்ளங்கைக்குள்ளேயே முடிந்துவிட்டது. அவன் விரல் நுனிகளைத் தாண்டி, அந்த வெள்ளை விரல்கள் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன.

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"அப்பா!" என்று என் மகன் கத்தினான். "இது என் கை இல்ல! யாரோ மாமா கை!"

ஐயா சமாளித்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். "என் மூச்சின் வேகத்தில் எலும்பு வளர்ந்திருக்கிறது!"

"எலும்பு வளர்ந்தா கையும் வளரணுமே ஐயா?" என்றார் டாக்டரம்மா. "இல்லாட்டி ஒவ்வொரு விரல்லயும் ரெண்டு அங்குல எலும்பு தோலைக் கிழிச்சிட்டு வெளியே தொங்கணுமே?"

என் மனைவி பதறிப்போய் மகனின் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் தொங்கவில்லை. நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பத்து வருடமாக அனுபவிக்கிறேன். முதல் தடவையாக அது வேறொருவர்மேல் விழுந்ததில் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது.

"வேற யாருக்கெல்லாம் விரிசல் மறைஞ்சிருக்கு? வாங்க, வந்து கையை வெச்சுப் பாருங்க!" என்று டாக்டரம்மா கூப்பிட்டார்.

அவ்வளவுதான். பிள்ளைகளைக் கேட்க வேண்டுமா? மேடைமேல் ஒரு படையே ஏறிவிட்டது. ஐயாவின் ஆட்கள் ஒருவனைத் தடுப்பதற்குள் இன்னொருத்தி காலுக்கு நடுவில் புகுந்தாள். மூன்று வயதுக் கை, எட்டு வயதுக் கை, மிட்டாய் பிசுபிசுத்த கை, மூக்கைத் துடைத்த கை என்று ஒவ்வொன்றாகப் படத்தின்மேல் அறைந்தன. ஒன்றாவது பொருந்தவில்லை. ஒவ்வொரு கைக்கும் கூட்டம் கைதட்டியது. இது என்ன விளையாட்டு என்று தெரியாமலே பின்வரிசைக்காரர்களும் தட்டினார்கள்.

"போன வாரம் என் பொண்ணு படத்துலயும் இதே முளைதான் இருந்துச்சு!" என்றாள் ஓர் அம்மா.

"என் பையன் படத்துலயும்! அதே இடத்துல!"

"எனக்கு ரெட்டைப் பிள்ளைங்க! ரெண்டு பேருக்கும் இருந்துச்சு!"

இப்போது மெக்கானிக் எழுந்தார். மகளை டாக்டரம்மாவின் மடியில் வைத்தார். இந்தத் தடவை அத்தை தடுக்கவில்லை. டாக்டரம்மா பைஜாமாப் பையிலிருந்து கத்தரியை எடுத்து அந்தத் துணியை வெட்டத் தொடங்கினார். மெக்கானிக் மேடையேறிப் படத்தை வாங்கினார். விளக்குக்கு நேரே பிடித்து, அந்த வெள்ளை முளையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எலும்பைப் பற்றி அவருக்குத் தெரியாது. ஆனால் இருபது வருடமாக அவர் கையில் புழங்கிய ஒரு சாமானை அவருக்குத் தெரியாமல் போகுமா?

"இது மூச்சு இல்லீங்க" என்றார் நிதானமாக. "இது ஸ்க்ரூ. பாருங்க, மரை ஓடியிருக்கு. தலை இருக்கு. யாரோ டிரைவர் போட்டு முடுக்கியிருக்காங்க."

டாக்டரம்மா வெட்டுகிற வேலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பேசினார். "ஆமா. உடைஞ்ச எலும்புக்கு ஆபரேஷன் பண்ணிப் போட்ட ஸ்க்ரூ. ரொம்ப சுத்தமான வேலை. அளவு, கோணம், எல்லாம் சரியா இருக்கு. யார் பண்ணினாங்களோ, கெட்டிக்கார டாக்டர்."

மனிதனுக்கு எத்தனையோ பலவீனம். ஐயாவுக்குப் புகழ்ச்சி.

"பின்னே? சும்மாவா? மூணு டாக்டர் சேர்ந்து ரெண்டு மணி நேரம்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

அந்தக் கையை அத்தை பார்த்துவிட்டார். ஆறு மாதமாக ஐயாவின் மேடையைத் துடைத்து, செம்புக் குழாய்க்குப் பளபளப்பு ஏற்றியவர் அவர். விறுவிறுவென்று மேலே போனார். ஐயாவின் இடது கையைப் பிடித்து இழுத்தார். தம்பி பிடித்திருந்த படத்தின்மேல் பச்சக் என்று வைத்து அழுத்தினார். கட்டைவிரல் கட்டைவிரலோடு, கோணல் சுண்டுவிரல் கோணல் சுண்டுவிரலோடு, அப்படியே உட்கார்ந்தது. ஸ்க்ரூவுக்கு நேர் மேலே, தோலில் நீளமாக ஒரு தையல் தழும்பு.

"எங்க பிள்ளைங்க எலும்புல கத்தி படக் கூடாது" என்றார் அத்தை. "உங்க எலும்புல மட்டும் படலாமா?"

இதற்கு அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. மெக்கானிக் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் பக்கத்திலேயே, உடைந்த கையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு ஓடினார். நான் ஐயாவுக்கு ஒரு அறையாவது கொடுத்துவிட்டு வரலாம் என்று நின்றேன்.

"வாங்க எக்ஸ்ரேகாரரே! தியேட்டர்ல எக்ஸ்ரே யார் எடுக்கறது, உங்க பையனா?" என்று வாசலிலிருந்து டாக்டரம்மா போட்ட சத்தத்தில் ஓடினேன்.

மிச்சத்தை என் மனைவிதான் சொன்னாள். நிழல் பெட்டியை உடைத்துப் பார்த்தார்களாம். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரின் எக்ஸ்ரே படமும் அடியில் அமுங்கிக் கிடந்திருக்கிறது. அத்தனையிலும் கோடு அப்படியே இருந்திருக்கிறது. ஒரு விரிசல் மறையவில்லை, ஏனென்றால் ஒரு விரிசல் இருந்ததில்லை. தரை முழுக்கப் படங்களைப் பரப்பி, பிள்ளைகள் தவழ்ந்து தவழ்ந்து கையை வைத்துத் தங்கள் படத்தைத் தேடியிருக்கிறார்கள். "என்னோடது! என்னோடது!" என்று ஒரே கூச்சல். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்கூட அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை என்றாள். போலீஸ் வந்ததும் ஐயா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரைக் கூப்பிடுங்க" என்று முனகினாராம். இன்ஸ்பெக்டர் செம்புக் குழாயை எடுத்து, "எதுக்கு டாக்டர்? நான் வேணா ஊதி விடட்டுமா?" என்று கேட்டாராம்.

தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா எலும்பை நேராக்கி, என் எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து, தீக்குச்சியைவிட மெல்லிய இரண்டு கம்பிகளைச் செலுத்தினார். வளர்ச்சிக் கோட்டுக்குக் கெடுதல் வராமல் அவை எங்கே போக வேண்டுமோ அங்கே போயின. பிறகு எல்லோரும் ஐந்து விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டாக்டரம்மா மணிக்கட்டின்மேல் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"வருது" என்றார்.

கட்டைவிரல் முதலில் சிவந்தது. அப்புறம் மற்றவை. ஈயக் கவசத்துக்குள் நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பதினாறு வருடத்தில் எத்தனையோ எலும்பைப் பார்த்துவிட்டேன். ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை எங்கள் பெஞ்சில் உட்கார இடமில்லை. மீட்டு வந்த படங்களோடு ஊரே வந்துவிட்டது. டாக்டரம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்து, "நல்லா இருக்கு, போங்க", "நல்லா இருக்கு, போங்க" என்று அனுப்பினார். ஓர் அம்மாவுக்குக் கோபமான கோபம். "ஒண்ணும் இல்லைன்னு சொல்றதுக்கா மூணு மணி நேரம் உட்கார வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாலாவது வாரம் மெக்கானிக்கின் மகளுக்குக் கம்பியை எடுத்தார்கள். எலும்பு ஒட்டியிருந்தது. என் அறையில் கடைசிப் படம் எடுத்து முடித்ததும், அவளுடைய அத்தை ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே புதுச் செருப்பு, சிவப்பு வார் வைத்தது. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, அந்த வலது கை விரல்களாலேயே கொக்கியை மாட்டப் பார்த்தாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை மாட்டிவிட்டாள். மெக்கானிக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"அளவு கச்சிதமா இருக்கே அக்கா" என்றேன் நான்.

"இருக்காதா பின்னே?" என்றார் அத்தை பெருமையாக. "அவ தூங்கும்போது காலை நூல் போட்டு அளந்து, அந்த நூலை எடுத்துட்டுப் போய் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினேன். நம்ம பாட்டுக்கு வாங்கிட்டு வந்து, அளவு தப்பிக் காலைக் கடிச்சா பிள்ளை தாங்குமா?"

வாயைக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. அவரிடம் கேட்டதை உங்களிடமும் கேட்டுவிடுகிறேன்.

"செருப்புக்கு நூல் போட்டு அளந்தீங்களே அக்கா, அந்த ஆள் காட்டின எலும்புக்கு ஒரு தடவை கையை வெச்சுப் பார்க்கணும்னு ஏன் தோணல?"